மருத்துவத் தரவு இருக்கிறது, ஆய்வாளர் பணியிடம் எங்கே?

தமிழ்நாட்டில் ஒருவருக்குக் காசநோய் உறுதியானதும் அரசு மருத்துவமனை ஊழியர் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறார். உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா, காலில் வீக்கம் உண்டா, நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு வாங்குகிறார், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. ஸ்கேன் வேண்டாம், எக்ஸ்ரே வேண்டாம். இவரை உடனே வார்டில் சேர்க்க வேண்டுமா என்பது இந்த ஐந்திலேயே தெரிந்துவிடும். ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ என்று 2022 ஏப்ரலில் தொடங்கிய ஏற்பாடு இது. 2025இல் இன்னொன்றும் சேர்ந்தது: இந்த நோயாளி இறந்துபோகும் வாய்ப்பு எவ்வளவு என்று கணித்துச் சொல்லும் மாதிரி ஒன்றை அத்திட்டத்தின் செயலியிலேயே இணைத்தார்கள். அதை உருவாக்கியது சென்னை அயப்பாக்கத்தில் இருக்கும் ஐசிஎம்ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம். அதற்கு அடித்தளம் ஏறத்தாழ 56,000 நோயாளிகளின் பதிவுகள். எல்லாம் இங்குள்ள ஊழியர்கள் இங்குள்ள மருத்துவமனைகளில் பதிந்தவை.

கணினியும் மருத்துவமும் சேரும் துறை என்றதும் அறுவை சிகிச்சை செய்யும் இயந்திரக் கைகள்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அந்தத் துறையின் அன்றாட வேலை உண்மையில் அயப்பாக்கத்தில் நடந்ததைப் போன்றது. பார்க்கக்கூடிய எத்தனையோ அளவீடுகளில் எந்த ஐந்தை வைத்துக்கொள்வது? மூச்சின் வேகம் எத்தனையைத் தாண்டினால் ஆபத்து என்று கோடு கிழிப்பது? சென்னையில் சரியாகச் சொல்லும் மாதிரி தருமபுரியில் பிசகுமா? பதிவேட்டில் எடைக்கான கட்டம் காலியாக இருந்தால் என்ன செய்வது? எடை பார்க்கும் கருவி பழுதாகியிருக்கலாம். நோயாளியால் அதன்மேல் ஏறி நிற்க முடியாமலும் போயிருக்கலாம். முதலாவது வெறும் விடுபடல். இரண்டாவதோ அந்த நோயாளியைப் பற்றிய மிக முக்கியமான தகவல். இதைப் பிரித்தறிய நிரல் எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது, மருத்துவம் படித்திருந்தால் மட்டும் போதாது. நான்கைந்து ஆண்டுகள் ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டிப் பழகிய ஆள் வேண்டும். அப்படி ஆட்களை உருவாக்க உலகம் கண்டிருக்கும் வழி முனைவர் பட்ட ஆய்வு. அந்த ஆய்வைச் சம்பளம் தரும் வேலையாகவே மாநில அரசு அமைக்க வேண்டும் என்பது என் கருத்து.

இன்று நிலைமை எப்படி என்று பாருங்கள். திருநெல்வேலியில் புள்ளியியல் முதுகலை முடித்த ஒரு பெண் இந்த வேலைக்கு வர விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆய்வில் சேர வழக்கமான வாசல் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வில் இயற்பியல், வேதியியல், உயிர் அறிவியல், கணித அறிவியல், புவி அறிவியல் என்று ஐந்து பாடங்கள். கணினி அறிவியல் அதில் இல்லை, யுஜிசி-நெட் பக்கம் இருக்கிறது. சமூக மருத்துவமும் அங்கேதான். கணிப்பிய உயிரியலுக்கும் உயிர்ப்புள்ளியியலுக்கும் இரண்டு பக்கத்திலும் தனித் தாள் கிடையாது. 2024 டிசம்பர் யுஜிசி-நெட் தேர்வில் ஆயுர்வேத உயிரியல் புதுப் பாடமாகச் சேர்ந்தது. ஆகவே சேர்க்க வழியில்லாமல் இல்லை, யாருக்கும் தோன்றவில்லை. கேட் தேர்வு பரவாயில்லை: உயிரிமருத்துவப் பொறியியலுக்கு 2020இலும், தரவு அறிவியல்-செயற்கை நுண்ணறிவுக்கு 2024இலும் தாள்கள் வந்துவிட்டன. தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் கணிப்பிய உயிரியலுக்கென்றே ஆய்வுப் பிரிவு இருக்கிறது. கொரோனா காலத்தில் ஒரு நோயாளியிடமிருந்து சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்று பரவுகிறது என்ற ‘ஆர் எண்’ செய்தித்தாள்களில் அடிபட்டதே, அதை இந்தியாவுக்குத் தொடர்ந்து கணக்கிட்டுச் சொன்னவர்களில் ஒருவர் அங்குள்ள பேராசிரியர் சிதாப்ர சின்ஹா. சென்னை ஐஐடியும் 2023இல் மருத்துவ அறிவியல்-தொழில்நுட்பத் துறையைத் தொடங்கி, மருத்துவர்களுக்கான பிஎச்.டி.யையும் அறிவித்தது. நல்லவைதான். ஆனால், இவை எல்லாமே போட்டி கடுமையான, இடம் குறைந்த உயர் நிறுவனங்கள். மாநிலப் பல்கலைக்கழகத்தை நம்பியிருக்கும் மாணவிக்கு இவற்றால் பெரிய பயன் இல்லை.

2024 மார்ச்சில் யுஜிசி ஒரு முடிவெடுத்தது. பல்கலைக்கழகம்தோறும் தனித்தனி நுழைவுத் தேர்வு வேண்டாம், நெட் மதிப்பெண்ணை வைத்தே பிஎச்.டி.யில் சேரலாம் என்றது. தேறியவர்கள் மூன்று வகை. முதல் வகைக்கு ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை, உதவிப் பேராசிரியர் தகுதி, பிஎச்.டி. சேர்க்கை மூன்றும் உண்டு. இரண்டாம் வகைக்குப் பணம் இல்லை. மூன்றாம் வகைக்குப் பிஎச்.டி. சேர்க்கைக்கான தகுதி மட்டும். ஐந்து ஆண்டு முழுநேரம் உழைக்கத் தகுதியானவர் என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுக்கு அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று அனுப்புகிற வகை அது. அந்த ஆண்டு ஜூன் 18 அன்று நடந்த யுஜிசி-நெட் தேர்வு மறுநாளே ரத்தானது. எழுதியவர்கள் ஒன்பது லட்சத்துக்கும் மேல். அடுத்த சில நாட்களில் நடக்கவிருந்த சிஎஸ்ஐஆர் தேர்வும் தள்ளிப்போனது. நாட்டின் ஆய்வுச் சேர்க்கை முழுவதையும் இரண்டையும் நடத்தும் ஒரே தேர்வு முகமையின் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

தேர்வில் முதல் வகையில் வந்துவிட்டார் என்றே கொள்வோம். ஜேஆர்எஃப் தொகை 2014இல் 25,000 ரூபாய். 2019இல் 31,000 ஆனது. 2023 ஜனவரி முதல் 37,000; இரண்டாண்டுக்குப் பிறகு எஸ்ஆர்எஃப், அதாவது முதுநிலை உதவித்தொகை, ஆகும்போது 42,000. வீட்டு வாடகைப்படி தனி. இந்த உயர்வுகள் தாமாக வந்தவை அல்ல. ஒவ்வொரு முறையும் ஆய்வு மாணவர்கள் சோதனைக்கூடத்தை விட்டுத் தெருவுக்கு வந்து போராடிய பிறகு வந்தவை. அரசு ஊழியருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அகவிலைப்படி கணக்கிடுகிற அரசு, ஆய்வு மாணவரின் அரிசி பருப்புக்கு மட்டும் நான்காண்டுக்கு ஒருமுறை போராட்டம் கேட்கிறது. நெட் இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர்ந்தவருக்கு மாதம் 8,000 ரூபாய் என்று ஒரு திட்டம் உண்டு. அதையும் 2015இல் நிறுத்தப் பார்த்தார்கள். டெல்லியில் யுஜிசி அலுவலகத்தை மாணவர்கள் முற்றுகையிட்டதால்தான் அது தப்பியது.

தொகையைவிடப் பெரிய தொல்லை, அது எப்போது வரும் என்று தெரியாதது. உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகிறது என்ற முறையீடு ஒவ்வோர் ஆண்டும் ஏதாவதொரு திட்டத்தைப் பற்றி வந்துகொண்டே இருக்கிறது. சம்பளம் மூன்று மாதம் வராவிட்டால் ஊழியர் தொழிலாளர் சட்டத்தைக் காட்டலாம். உதவித்தொகை வராத மாணவர் எதைக் காட்டுவார்? வருங்கால வைப்புநிதி இல்லை, பணிக்காலக் கணக்கு இல்லை. முப்பது வயதில் ஆய்வை முடித்து வெளியே வரும்போது, அரசின் கண்ணில் அவர் இன்னும் ஒருநாள்கூட வேலை பார்க்காதவர்.

இதற்கு நம் ஆய்வு உலகம் கண்டுபிடித்த மாற்று, புராஜெக்ட் வேலை. ‘முற்றிலும் தற்காலிகமானது’ என்ற வாசகத்தோடு வரும் விளம்பரத்தைப் பார்த்து வாக்-இன் நேர்காணலுக்குப் போக வேண்டும். ஆறு மாதம் அல்லது ஓராண்டு வேலை. பணம் வந்தால் நீட்டிப்பு. நலவாழ்வுத் தரவுத் துறையில் நிரல் எழுதுவது, பதிவுகளைச் சுத்தம் செய்வது, அறிக்கைக்கு வரைபடம் போடுவது எல்லாம் இவர்கள்தான். தரவின் நெளிவுசுளிவு பிடிபடத் தொடங்குகிற நேரத்தில் புராஜெக்ட் முடிந்துவிடும். அவர் பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்துவிடுவார், அடுத்த புராஜெக்ட்டுக்கு இன்னொருவர் முதலிலிருந்து தொடங்குவார். பெங்களூர்கூட வேண்டாம். சென்னையிலேயே பன்னாட்டு மருந்து நிறுவனங்கள் ஆய்வுத் தரவுப் பணிகளுக்கு மையம் வைத்திருக்கின்றன. ஃபைசர் 2022இல் ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவிலேயே திறந்தது. அங்கே போகிறவர்களைக் குறை சொல்ல எதுவுமில்லை. அவர்களைப் பிடித்துவைக்க நம் கையில் எதுவும் இல்லை என்பதுதான் குறை.

இந்த மாநிலத்துக்கு இது புதிய துறை என்று யாராவது சொன்னால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம் வரை போய்வரச் சொல்வேன். 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார், அவரே மகப்பேறு மருத்துவர், சர் சி.வி. ராமனின் பரிந்துரையை ஏற்று, முப்பது வயதுகூட நிரம்பாத ஜி.என். ராமச்சந்திரனை இயற்பியல் துறைக்குத் தலைவராக அழைத்துவந்தார். நம் தோலையும் தசைநாரையும் கட்டிவைத்திருக்கும் கொலாஜன் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்று இரண்டே ஆண்டில், 1954இல், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து அவர் சொன்னார். பிறகு, ஒரு புரத இழை எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும், எவற்றில் முடியாது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் மேசைக் கணக்குப்பொறியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோணத்துக்கும் அணுக்களுக்கு இடையிலான தூரங்களைக் கணக்கிட்டார்கள். 1963இல் வெளியான அந்த வரைபடம்தான் ‘ராமச்சந்திரன் வரைபடம்’. புரத வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவுக்காக 2024இல் வேதியியல் நோபல் கொடுத்தார்களே, அப்படிக் கணித்த வடிவம் சரிதானா என்று சோதிக்க இன்றும் கையில் எடுக்கும் முதல் கருவிகளில் அது ஒன்று. கணிப்பிய உயிரியல் என்ற பெயர் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே, கணினி கைக்கு எட்டாத காலத்தில், ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த வேலை இது.

அதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. நல்ல கேள்வி, நல்ல வழிகாட்டி, தொந்தரவு இல்லாமல் சில ஆண்டுகள் உட்கார இடம், இவற்றைத் தாங்கிப்பிடித்த நிர்வாகம். முதலியார் 1969இல் பதவியை விட்டுப்போன கொஞ்ச காலத்தில் ராமச்சந்திரனும் பெங்களூர் போய்விட்டார். அதே பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024 பிப்ரவரியில், 424 கோடி ரூபாய் பாக்கி என்று வருமான வரித் துறை முடக்கியது. 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தபின் அந்த நாற்காலியும் நெடுநாள் காலியாகக் கிடந்தது. ஆளுநருக்கும் அரசுக்கும் இடையிலான இழுபறியில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு கட்டுரைக்கான விஷயம். ஆய்வு மாணவருக்கு விளைவு ஒன்றுதான்.

காசநோயிலேயே இன்னொரு முன்னோடி உண்டு. சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் மருந்து சிகிச்சை மையத்தில் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நடந்த ஆய்வு, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டில் இருந்தும் குணமாகலாம், சானடோரியம் தேவையில்லை என்று 1959இல் நிரூபித்தது. உலகமே காசநோய் சிகிச்சையை மாற்றிக்கொண்டது. மதராஸின் ஏழை வீடுகளில் சேர்த்த எண்கள் செய்த வேலை அது.

வெளிநாட்டில் எப்படி? சுவீடனில் முனைவர் பட்ட மாணவர் பெரும்பாலும் பல்கலைக்கழக ஊழியர். விளம்பரத்திலேயே ஆய்வுக் கேள்வி, வழிகாட்டி, கடைசித் தேதி எல்லாம் இருக்கும். நான்கு ஆண்டு முழுநேர ஆய்வு. கற்பித்தலும் சேர்ந்தால் ஐந்து வரை நீளும். சம்பளத்தில் தொழிற்சங்கத்துக்குப் பேச்சு உண்டு, குழந்தை பிறந்தால் விடுப்பு உண்டு, வரியும் உண்டு. நெதர்லாந்திலும் வழக்கம் இதுவே. குரோனிங்கன் பல்கலைக்கழகம் 2016இல் ஆய்வாளர்களை ஊழியர்களாக எடுக்காமல் உதவித்தொகை மாணவர்களாக எடுத்துப் பார்த்தது. ஒரே அறையில் ஒரே வேலைக்கு இருவருக்கு இரண்டு நிலை என்று எதிர்ப்புக் கிளம்ப, அந்தச் சோதனை தொடரவில்லை. ஜெர்மனியில் அரசு ஊதிய விகிதப்படிதான் சம்பளம், ஆனால் பல துறைகளில் பாதி வேலைக்கான ஒப்பந்தமே தருவார்கள். முழு வேலையும் வாங்குவார்கள். அங்கே எல்லாம் பாலும் தேனும் ஓடுகிறது என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்கக் கதவு எவ்வளவு திடீரென்று சாத்தப்படும் என்பதையும் பார்த்துவிட்டோம்: 2025 மார்ச்சில் மத்திய நிதி நிச்சயமில்லாமல் போனதும், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி உயிரிமருத்துவப் பிஎச்.டி.க்குக் கொடுத்திருந்த சேர்க்கைக் கடிதங்களையே திரும்பப் பெற்றது. நம் பிள்ளைகள் வெளியே போய்ப் படித்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடலாம் என்ற எண்ணத்தை இனியாவது விட வேண்டும்.

தரவு இங்கேயும் ஆய்வு வேறெங்கேயும் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் கண்ணே உதாரணம். நீரிழிவால் விழித்திரையில் வரும் பாதிப்பைப் படத்தைப் பார்த்தே சொல்லும் கூகுளின் நிரல் 2016இல் வெளியாகிப் பெரும் பேர் வாங்கியது. அதைப் பழக்கிய படங்கள் வந்த இந்திய மருத்துவமனைகளில் மதுரை அரவிந்தும் சென்னை சங்கர நேத்ராலயாவும் உண்டு. பிறகு அதே இரு மருத்துவமனைகளில்தான் நேரடி நோயாளிகளிடம் சோதித்தார்கள்; அதன் முடிவு 2019இல் வெளியானது. இரண்டு மருத்துவமனைகளின் மருத்துவர்களும் கட்டுரைகளில் பங்கேற்றவர்கள், அதில் ஏமாற்று எதுவும் இல்லை. நல்ல வேலை, தேவையான வேலை. ஆனால், நிரல் வளர்ந்த இடம் கலிஃபோர்னியா. ஒரு தலைமுறை ஆய்வாளர்கள் எந்தப் படத்தில் நிரல் தடுமாறுகிறது, ஏன் தடுமாறுகிறது என்று கற்றுக்கொண்டது அங்கே. மதுரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் உயிரியல் துறைகளுக்கு ஒருகாலத்தில் நாடு முழுக்க மதிப்பு. இன்று ஊழியர்களுக்குச் சம்பளம் போடவே அது திண்டாடுகிறது.

கண் படங்கள் ஒன்றுதான். கர்ப்பிணிகளைப் பதிவுசெய்யும் பிக்மி, வீடு வீடாகச் சென்று ரத்த அழுத்தம் பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம், 108 ஆம்புலன்ஸ், அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1980களிலிருந்து நடத்திவரும் புற்றுநோய்ப் பதிவேடு. பொதுச் சுகாதாரத்துக்கென்று 1939இலேயே சட்டம் கண்ட மாநிலத்தில் பதிவேடுகளுக்கா பஞ்சம்? பதிவேட்டிலிருந்து மாதாந்திர அறிக்கை போகிறது, அமைச்சர் சட்டமன்றத்தில் எண்ணிக்கையைச் சொல்கிறார். மாத்திரையை இடையில் நிறுத்திவிடுகிற ரத்த அழுத்த நோயாளி யார், அவரை முன்கூட்டியே அடையாளம் காண முடியுமா என்று மூன்று ஆண்டு உட்கார்ந்து பார்க்க ஆள் இல்லை.

ஆகவே, கேட்பது இதுதான். நலவாழ்வுத் தரவு ஆய்வுக்கென்று மாநில அரசு நூறு முனைவர் ஆய்வாளர் பணியிடங்களை உருவாக்கட்டும். மாதச் சம்பளம் 60,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 7 கோடியே 20 லட்சம். கணினி, களப் பயணம் முதலியவற்றுக்கு ஆளுக்கு 2 லட்சம் சேர்த்தால் மொத்தம் 9 கோடியே 20 லட்சம். 2025-26 பட்ஜெட்டில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒதுக்கியது 21,906 கோடி. பத்தாயிரம் ரூபாய்க்கு நான்கு ரூபாய் சொச்சம். பணம் இல்லை என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை. முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை என்று கலை, அறிவியல் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு திட்டம் இருக்கிறது. ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு வைக்கிறது. அது நடக்கட்டும். இது அந்த வகை அல்ல. இங்கே தேர்வுத் தாளுக்குப் பதில் கேள்வியைத்தான் விளம்பரம் செய்ய வேண்டும். ‘தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் குறைமாதப் பிரசவத்தை முன்னறிவது’ என்று விளம்பரம் வரட்டும். புள்ளியியல் படித்தவரும் வரலாம், செவிலியர் பட்டம் பெற்றவரும் வரலாம், எம்பிபிஎஸ் முடித்தவரும் வரலாம். அந்தக் கேள்வியை எப்படி அணுகுவார் என்று கேட்டு எடுக்கலாம்.

வழிகாட்டிகள் இருவர் வேண்டும். ஒருவர் பல்கலைக்கழகத்தின் கணினி அல்லது புள்ளியியல் துறையில், இன்னொருவர் அரசு மருத்துவக் கல்லூரியில் நோயாளியைப் பார்ப்பவர். நடைமுறைச் சிக்கல் எழுவது இங்கேதான். மருத்துவக் கல்லூரிகள் எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ், நல்வாழ்வுத் துறையில். மற்றவை உயர்கல்வித் துறையில். இரண்டு செயலர்கள், இரண்டு கோப்புகள். பட்டத்தை யார் கொடுப்பது என்ற கேள்வியிலேயே இரண்டு நிதியாண்டு ஓடிவிடும். இதைத் தலைமைச் செயலர் மட்டத்தில் ஒரே ஆணையில் தீர்க்காவிட்டால் இந்தத் திட்டத்தைத் தொடங்காமல் இருப்பதே மேல்.

நோயாளிகளின் அந்தரங்கம் என்னாகும் என்று கேட்பார்கள். கேட்கவே வேண்டும். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுக்கு விலக்கு அளிக்கிறது, உரிய தரங்களைக் கடைப்பிடித்தால் மட்டும். பெயரும் முகவரியும் நீக்கிய தரவை அரசின் கணினியிலேயே வைத்து, ஆய்வாளர் அங்கே வந்து வேலை செய்யும்படி அமைக்கலாம்; பென்டிரைவில் ஏற்றிக் கொடுக்கத் தேவையில்லை. சொல்லப்போனால், இன்று புராஜெக்ட் முடிந்து போகிறவரின் மடிக்கணினியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒப்பந்தமும் பொறுப்பும் உள்ள ஊழியரின் கையில் தரவு இருப்பது அதைவிடப் பாதுகாப்பானது.

இன்னொன்றும் உண்டு, வெளியே அதிகம் பேசப்படாதது. சேர்ந்த ஆய்வு மாணவரின் தொடக்க காலம் பெரும்பாலும் அனுமதிக்காகக் காத்திருப்பதில் போகிறது. நெறிமுறைக் குழு எப்போதோ ஒருமுறைதான் கூடும். கூடினால் ஒரு திருத்தம் கேட்கும், திருத்திக் கொடுத்தால் அடுத்த கூட்டம் வரை பொறுக்கச் சொல்லும். பிறகு தரவை வைத்திருக்கும் இயக்குநரகத்துக்குக் கடிதம். அதிகாரி மாறினால் மறுபடியும் கடிதம். பணத்துக்கான கெடு மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். கடைசியில், கிடைக்காத தரவை விட்டுவிட்டு, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அமெரிக்க மருத்துவமனைப் பதிவுகளை வைத்து ஆய்வேட்டை முடித்தவர்கள் இங்கே உண்டு. எனவே நூறு பணியிடங்களுக்கும் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் கேள்வி, பிறகு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், பிறகு இயக்குநரகத்தின் கையெழுத்து. மூன்றும் கைக்கு வந்த பிறகே விளம்பரம். ஆய்வாளர் வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே தரவைத் திறந்து பார்க்க முடிய வேண்டும்.